தினம் ஒரு ஆஸ்பிரின் போட்டால் கேன்சர் வராதா? கடையில் கேட்பவர்களுக்கு என்ன சொல்வது?

குழித்துறை மருந்தாளுநர்:
களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. ‘தினம் ஒரு ஆஸ்பிரின், குடல் கேன்சர் கிட்டவே வராது’ என்று. டாக்டர் சீட்டு இல்லாமல் 75 மி.கி. அட்டை அட்டையாகக் கேட்கிறார்கள். வெற்றிலை, புகையிலை போடுபவர்கள் வாயில் இருக்கும் வெள்ளைத் திட்டுக்கும் இதையே கேட்கிறார்கள். உண்மையில் ஆராய்ச்சி யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் கொடுத்துப் பார்த்தது?

செங்கோட்டை ஜீன்:
அண்ணாச்சி, அந்தத் தகவலுக்கு மூலம் பெரும்பாலும் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜான் பர்ன் என்ற மரபணு மருத்துவர் நடத்திய காப்-2 ஆய்வாகத்தான் இருக்கும். அதில் சேர்ந்த 861 பேரும் லிஞ்ச் சின்ட்ரோம் (குடல் புற்று எளிதில் வரும் பரம்பரைக் கோளாறு) உள்ளவர்கள். டிஎன்ஏ நகலெடுக்கும்போது விழும் பிழையைத் திருத்தும் ஜீன் ஒன்று அவர்களுக்குப் பிறவியிலேயே பழுது. கொடுத்ததும் 75 அல்ல. 300 மி.கி. மாத்திரை இரண்டு, தினமும், சராசரியாக இரண்டு வருடம்.

2008-ல் முதல் கணக்கு வந்தபோது வித்தியாசமே தெரியவில்லை. ஆனாலும் விடாமல் ஆட்களைக் கவனித்து வந்தார்கள். 2020-ல் வந்த பத்து வருடக் கணக்கு இது: ஆஸ்பிரின் எடுத்த 427 பேரில் 40 பேருக்குப் பெருங்குடல் புற்று, மருந்து இல்லாத வெற்று மாத்திரை எடுத்த 434 பேரில் 58 பேருக்கு. 9-க்கு 13 சதவீதம். நல்ல பலன்தான். ஆனால் ஆஸ்பிரின் எடுத்தவர்களிலும் 40 பேருக்கு வந்திருக்கிறது பாருங்கள், ‘கிட்டவே வராது’ என்பது அங்கேயே அடிபட்டுப் போகிறது. லிஞ்ச் உள்ளவர் மாத்திரை எடுத்தாலும் கொலோனாஸ்கோப்பியை (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) விடக்கூடாது.

மற்றவர்கள் கதை வேறு. ஆஸ்ப்ரீ ஆய்வில் பெரும்பாலும் 70 தாண்டிய 19,114 பேர், தினம் 100 மி.கி. புற்று குறையவில்லை, புற்றுநோய்ச் சாவு கூடத்தான் செய்தது, ரத்தக்கசிவும் கூடியது. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2016-ல் ஆஸ்பிரின் பரிந்துரையில் சேர்த்த குடல் புற்றுத் தடுப்பை 2022-ல் கைவிட்டுவிட்டது.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி குடும்பத்தைப் பற்றி. ஒரே ரத்த வழியில் மூன்று பேருக்குக் குடல் அல்லது கர்ப்பப்பைப் புற்று, இரண்டு தலைமுறை, அதில் ஒருவருக்கு 50 வயதுக்குள். இப்படி இருந்தால் மாத்திரை கொடுக்காமல் பரிசோதனைக்கு அனுப்புங்கள். திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்துக்குப் போகிறவர்கள் ரிப்போர்ட் தாளோடு நிற்காமல், ஆபரேஷன் நடந்த இடத்தில் கட்டித் துண்டைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் ஸ்லைடையும் வாங்கிப் போகட்டும். எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 என்ற, டிஎன்ஏ பிழையைத் திருத்தும் நாலு புரதமும் கட்டியில் இருக்கிறதா என்று அந்த பிளாக்கில்தான் சாயம் போட்டுப் பார்க்க முடியும். பிளாக் இல்லாமல் போய் பஸ் காசைத் தண்டம் கட்டுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

பாறசாலை பல்:
வாய்த் திட்டுக்கு இது உதவாது. ஆஸ்பிரின் வகை வலிமருந்தான கீட்டோரோலாக்கின் 0.1 சதவீதக் கரைசலை 10 மி.லி. வீதம் தினம் இரண்டு தடவை, 90 நாள் கொப்பளிக்க வைத்துப் பார்த்தார்கள். வெற்றுக் கரைசலைவிட மேலாக ஒன்றும் நடக்கவில்லை. அதே வகை செலிகாக்சிப் மாத்திரையும் தோற்றது.

திட்டை காஸ் துணியால் துடைத்துப் பாருங்கள். உரிந்து வந்தால் பெரும்பாலும் பூஞ்சை. வராமல் இரண்டு வாரத்துக்கு மேல் நின்றால் பயாப்ஸி (சதைத் துண்டு எடுத்துப் பரிசோதிப்பது). சிவப்புத் திட்டு வெள்ளையைவிட மோசம், அதைத் தள்ளிப்போடவே கூடாது. இன்னொன்று: பல்வலிக்கு ஆஸ்பிரினை ஈறோரம் அடக்கி வைக்கும் பழக்கம். அமிலம் சதையைப் பொசுக்கி அதுவே வெள்ளையாகத் தெரியும். கேட்காமல் விட்டால் குழப்பம்தான்.

திருவனந்தபுரம் பக்கம் நடந்த பெரிய ஆய்வில் மருத்துவர் அல்லாத பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப்புற்றுச் சாவு 34 சதவீதம் குறைந்தது. 2005-ல் வெளியானது. எந்த மாத்திரை அட்டையும் இதற்கு ஈடில்லை.

குழித்துறை மருந்தாளுநர்:
நன்றி. இதயத்துக்கு ஏற்கெனவே 75 எடுப்பவர் முதுகுவலிக்கு ஐபுப்ரோஃபென் கேட்டால்?

செங்கோட்டை ஜீன்:
ஐபுப்ரோஃபென் முதலில் போய், ஆஸ்பிரின் முடக்க வேண்டிய காக்ஸ்-1 என்சைமின் வாசலில் உட்கார்ந்துவிட்டால், பிறகு வரும் ஆஸ்பிரினுக்கு இடமில்லை. அது எழுந்து போவதற்குள் ஆஸ்பிரின் ரத்தத்தில் தீர்ந்துவிடும், இதயப் பாதுகாப்பு போச்சு. சாதா ஆஸ்பிரின் என்றால் ஐபுப்ரோஃபெனை அதற்கு அரை மணி நேரம் கழித்து, அல்லது எட்டு மணி நேரம் முன்பு எடுக்கட்டும். மேலுறை போட்ட மாத்திரை மெதுவாகக் கரைவதால் இந்தக் கணக்கு ஓடாது; பாராசிட்டமால் கொடுப்பது நல்லது.

மழைக்காலத்தில் முக்கியம்: டெங்கு சந்தேகம் இருக்கும் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எதுவும் வேண்டாம். ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட்டின் எண்ணிக்கை ஏற்கெனவே இறங்கும், மிச்சம் இருப்பதையும் ஆஸ்பிரின் முடக்கிவிடும். முடங்கிய காக்ஸ்-1-க்குப் பதிலாகப் பிளேட்லெட்டுக்குப் புது என்சைம் செய்யத் தெரியாது, ஆயுளே எட்டு பத்து நாள்தான். வாட்ஸ்அப் பார்த்துத் தானாக ஆரம்பித்தவர் காய்ச்சல் வந்ததும் நிறுத்தட்டும். ஸ்டென்ட் வைத்தவர் மட்டும் தானாக நிறுத்தாமல், அன்றைக்கே இதய டாக்டரைக் கேட்டுச் செய்யட்டும்.