ஆன்லைன் போக்கர்: திருநெல்வேலியில இருந்து காசு வச்சு ஆடினா கேஸ் வருமா?

பாளை_பையன்:
அண்ணாச்சிமாரே, ஒரு சந்தேகம். போக்கர் சீட்டாட்டம் திறமை ஆட்டம்னு ஐகோர்ட்டே சொல்லிட்டு, தமிழ்நாட்டுல தடை இல்லன்னு ஒருத்தன் சொல்லுதான். டெல்லியிலயே மூடிட்டாங்கன்னு இன்னொருத்தன் சொல்லுதான். பழைய ஆப்ல காசு மேசையே இல்ல. இப்போ டெலிகிராம்ல ‘கிளப்’ லிங்க் வருது, ஏஜென்டுக்கு ஜிபே பண்ணினா சிப்ஸ் (பந்தயம் வைக்கிற வில்லை) ஏத்தி விடுவானாம். செங்கோட்டை தாண்டி கேரளா ஆரியங்காவுல போய் ஆடினா நம்ம சட்டம் ஒட்டாதுன்னும் பேச்சு. எதுதான் சரி?

கோர்ட்டுவாசல்:
முதல் ஆளு சொன்னது பழைய கதை, பொய் இல்ல. தமிழ்நாட்டு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரல்ல நடைமுறைக்கு வந்தப்போ தடை பண்ணின ஆட்டங்களோட அட்டவணையில ரம்மியும் போக்கரும் இருந்துச்சு. ஆடுதவனுக்கு 3 மாசம் வரை சிறை, இல்ல 5,000 ரூபா வரை அபராதம், இல்ல ரெண்டும். நடத்துதவனுக்கு 3 வருஷம், 10 லட்சம். அந்த வருஷம் நவம்பர் 9-ல ஐகோர்ட் சட்டத்தை அப்படியே விட்டுட்டு, இந்த ரெண்டு ஆட்டத்தை மட்டும் அட்டவணையில இருந்து எடுத்துட்டு. 2025 பிப்ரவரியில ஆதார் சரிபார்ப்பு, ராத்திரி 12-ல இருந்து காலை 5 வரை ஆடக்கூடாதுன்னு விதிமுறை வந்துச்சு. ஜூன்ல அதையும் கோர்ட் செல்லும்னுட்டு.

ரெண்டு மாசத்துல எல்லாம் மாறிட்டு. 2025 ஆகஸ்ட் 22-ல ஒப்புதல் வாங்கின மத்தியச் சட்டத்துல திறமையா அதிர்ஷ்டமாங்கிற கேள்வியே கிடையாது. காசு கட்டி, காசு வரும்னு எதிர்பார்த்து ஆடினா அது ‘ஆன்லைன் பண விளையாட்டு’, அவ்வளவுதான். நடத்துதவனுக்கு 3 வருஷம், 1 கோடி வரை. விளம்பரத்துக்கு 2 வருஷம், 50 லட்சம் வரை. பணப் பரிமாற்றத்துக்கு வழி பண்ணிக் குடுக்கிறவனுக்கும் 3 வருஷம், 1 கோடி. வெறுமனே ஆடுதவனுக்கு அதுல தண்டனை இல்ல.

ஆரியங்காவு யோசனையை விட்டுரும். இது இந்தியா முழுமைக்குமான சட்டம், புளியரை செக்போஸ்ட் தாண்டினா பெட்ரோல்தான் தண்டம்.

கவுண்டர்_நம்பர்_3:
தண்டனை இல்லன்னதும் சந்தோஷப்பட்டுராதீங்க. மாட்டுறது ஆளு இல்ல, அக்கவுண்ட்.

கிளப் ஆப்ல பார்த்தா ‘இலவச சிப்ஸ்’னுதான் போட்டிருக்கும். காசு முழுக்க வெளியே ஏஜென்ட் கைல. காசு குடுத்து வாங்குற டோக்கன், காயின் எதுவானாலும் பந்தயப் பணம்தான்னு சட்டத்துல தெளிவா இருக்கு, அதனால ‘இலவச’ங்கிற பேரு காப்பாத்தாது. ஏஜென்ட் குடுக்கிற யுபிஐ ஐடியைக் கவனியுங்க: காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. பேரு பார்த்தா ஏதோ ஊர்ல ‘டிரேடர்ஸ்’. அது வாடகைக்கு எடுத்த அக்கவுண்ட். வேற எங்கயோ ஒருத்தர்ட்ட ஏமாத்தின பணமும் அதுலதான் புரளும். ஏமாந்தவர் 1930-க்கு (சைபர் புகார் நம்பர்) போன் பண்ணினா, அந்தப் பணம் போன ஒவ்வொரு அக்கவுண்டா பிடிச்சுக்கிட்டே வருவாங்க. நீங்க ஜெயிச்சு எடுத்த 8,000 அதுல ஒரு கண்ணியா இருந்தா, உங்க சம்பள அக்கவுண்டும் முடங்கும். கிளை மேனேஜர் நினைச்சாலும் எடுக்க முடியாது.

முடங்கிட்டுன்னா கிளையில மூணு விவரம் எழுதி வாங்குங்க: புகார் ஒப்புகை எண், எந்த மாநிலத்து எந்த ஸ்டேஷன், சர்ச்சைக்குரிய தொகை எவ்வளவு. ஸ்டேட்மென்டோட அந்த விசாரணை அதிகாரிக்கு மெயிலும் ஸ்பீட் போஸ்டும் அனுப்புங்க. முழு அக்கவுண்டையும் நிறுத்தாம, அந்தத் தொகைக்கு மட்டும் பிடிச்சு வைக்கச் சொல்லிக் கேளுங்க. நடக்கலன்னா மாஜிஸ்திரேட் கோர்ட்டுல மனு, இல்ல ஐகோர்ட் மதுரைக் கிளையில ரிட் மனு. பைக் வித்த காசுன்னு கதை விட்டுராதீங்க, டெலிகிராம் சாட்டையும் அழிக்காதீங்க. எதுக்கு வந்த காசுன்னு காட்ட உங்ககிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான்.

பாளை_பையன்:
ஆளு சேர்த்துவிட்டா ரேக்ல (ஆட்டத்துக்கு ஆட்டம் கிளப் எடுக்கிற கமிஷன்) பங்கு தாறேன்னும் அந்த ஏஜென்ட் சொல்லுதான், அண்ணாச்சி.

கோர்ட்டுவாசல்:
அங்கதான் கோடு. அந்தப் பங்கை வாங்கின நிமிஷம் நீரு ஆடுதவன் இல்ல, நடத்துதவன் பக்கம். வாரண்ட் இல்லாமலே கைது பண்ணலாம், ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவு. அக்கவுண்டை வாடகைக்குக் குடுக்கிறதும் இதே கதிதான். காலேஜ் பயலுவகிட்ட 2,000, 3,000 குடுத்து ஏடிஎம் கார்டோட வாங்கிட்டுப் போறானுவ, அது பெரிய வினை.

ஆடிட்டர்_தம்பி:
பழைய ஆப்ல 2024-25-ல ஜெயிச்சவங்களுக்கு: நிகர வெற்றிக்கு வருமான வரிச் சட்டம் 115பிபிஜே பிரிவுல நேரா 30% வரி, மேல 4% செஸ். அடிப்படை வரிவிலக்கு வரம்பு இதுக்கு ஓடாது, மத்த நஷ்டத்தையும் இதுல கழிக்க முடியாது. ஆப் முன்கூட்டியே பிடிச்ச வரி (டிடிஎஸ்) உங்க 26ஏஎஸ் வரிக் கணக்குத் தாள்ல ஏறியிருக்கும். ரிட்டர்ன் படிவத்துல ஐடிஆர்-1 போட்டா சரிவராது, ஐடிஆர்-2.

மேலப்பாளையம்_மாமா:
அப்போ வீட்டுல நாலு பேரு உட்கார்ந்து சீட்டு போட்டா?

கோர்ட்டுவாசல்:
அது வேற சட்டம் மாமா, 1930-ம் வருஷத்துது. (சூதாட்டச் சட்டமும் 1930, சைபர் புகார் நம்பரும் 1930!) அதுல முக்கியமா பார்க்கிறது வீட்டுக்காரருக்கு லாபம் இருக்கான்னு. மேசைக்கு இவ்வளவு, ஆட்டத்துக்கு இவ்வளவுன்னு எடுத்தா அந்த வீடு ‘பொதுச் சூதாட்ட இடம்’ ஆயிரும். டீ, மிக்சர் செலவுன்னு சொல்லி எடுத்தாலும் கணக்குக் கேப்பாங்க.