கார்பெட்டுக்கு அடியில் இருந்த பச்சைக் களிம்பு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடிப் பக்கம் பெய்த மழையை எங்களில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழையில், தெருவில் நின்ற என் காருக்குள் பின்சீட்டில் கால் வைக்கும் இடம் வரை தண்ணீர் ஏறி, இரண்டு நாள் அப்படியே நின்றது. வடிந்த பிறகு எஞ்சின் ஆயிலை மாற்றினேன். சீட்டுகளைக் கழற்றி வெயிலில் வைத்தேன். கார்பெட்டையும் காயவைத்து மறுபடியும் விரித்தேன். வண்டி எந்தக் குறையும் சொல்லாமல் ஓடியதால், வெள்ளத்தின் கணக்கு அத்துடன் தீர்ந்துவிட்டதாகவே நம்பினேன்.

பதினான்கு மாதம் கழித்துத்தான் தொல்லை தொடங்கியது. காலையில் ஊருக்குள் ஓட்டும்போது எதுவும் தெரியாது. திருநெல்வேலி செல்லும் நாற்கரச் சாலையில் வல்லநாட்டைத் தாண்டியதும், அதாவது கிளம்பி முப்பது நாற்பது நிமிடம் ஆனதும், ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் வண்டி இழுக்காமல் திணறும். ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்துக் கால் மணி நேரம் விட்டால், ஒன்றும் நடக்காதது போல மறுபடியும் ஓடும். ஒரு முறை பின்னால் லாரி வந்துகொண்டிருக்கையில் இப்படி ஆனது. அப்போது என் தாயாரும் வண்டியில் இருந்தார். அதற்குப் பிறகு காரணம் தெரியாமல் நெடுஞ்சாலையில் ஏறுவதில்லை என்று முடிவு செய்தேன்.

ஒரு பணிமனையில் பெட்ரோல் பில்டரை மாற்றினார்கள். பிறகு 7,800 ரூபாய்க்கு, டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் பம்பையே மாற்றினார்கள். இரண்டுக்குப் பிறகும் அதே வல்லநாடு, அதே திணறல். அவர்கள் ஒயரிங்கைச் சோதிக்கவில்லை என்று சொல்ல முடியாது. பம்புக்குச் செல்லும் ஒயர்களை மல்டிமீட்டரின் ஓம் அளவில் வைத்துப் பார்த்தார்கள். 'பீப்' ஒலி கேட்டதும் ஒயர் நன்றாக இருப்பதாக முடிவு செய்தார்கள். தவறு அந்த இடத்தில்தான் நேர்ந்தது. மீட்டர் தன் சிறிய பேட்டரியிலிருந்து மிக அற்பமான கரண்டைத்தான் அனுப்பிச் சோதிக்கிறது. முப்பது இழை கொண்ட ஒயரில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் அந்தக் கரண்ட் தாராளமாகப் போய்விடும். பம்புக்கோ ஐந்து ஆம்பியர் வேண்டும். வரப்பில் ஒருவர் நடந்துபோக முடிகிறது என்பதற்காக அதில் மாட்டுவண்டி போகும் என்று சொல்ல முடியுமா?

ஆகவே, கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே எங்கே எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று அளந்து பார்க்கத் தீர்மானித்தேன். பின்சீட்டைத் தூக்கி, பம்பின் கப்ளரில் (ஒயர்களைக் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் இணைப்பில்) ஒயர் நுழையும் பின்பக்க வழியாக மெல்லிய ஊசி முனையை உள்ளே செருகினேன். ஒயரின் தோலைக் குத்தி அளப்பது எளிது. ஆனால் அந்தத் துளை வழியாகவே நாளைக்கு ஈரம் நுழையும் என்பதால் அதை யாரும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.9 வோல்ட் இருந்தது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறுமுனையைப் பம்பின் பாசிட்டிவ் பின்னிலும் (கப்ளருக்குள் ஒயரின் நுனியிலுள்ள உலோக முள்ளிலும்) வைத்தபோது 0.3 வோல்ட் காட்டியது. அவ்வளவு நீளமான ஒயர், ஃபியூஸ், ரிலே எல்லாவற்றையும் தாண்டி வருவதற்கு அது ஏற்கத்தக்க இழப்பே. பிறகு எர்த்துப் பக்கத்தை, அதாவது கரண்ட் திரும்பிவரும் வழியை, பம்பின் எர்த்துப் பின்னிலிருந்து பேட்டரியின் நெகட்டிவ் வரை அளந்தேன்; 0.7 வோல்ட் இருந்தது. நல்ல எர்த்து இணைப்பில் 0.1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. ஆனால் 0.7 வோல்ட் இழப்பு ஒன்றே வண்டியை நிறுத்தும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வண்டி நாற்பது நிமிடம் கழித்துத்தானே திணறுகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. திறந்த வெளியில் எஞ்சினை ஓடவிட்டு, மீட்டரைக் கழற்றாமல், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை குறித்துக்கொண்டே வந்தேன். 0.7 என்பது 1.1 ஆயிற்று, பிறகு 1.8, நாற்பதாவது நிமிடத்தில் 3.0. அதாவது 13.9 வோல்ட்டில், பாசிட்டிவ் பக்கத்து 0.3-உம் போக, பம்புக்குப் போய்ச் சேர்ந்தது 10.6 மட்டுமே. எஞ்சின் சும்மா ஓடுவதற்கு அந்தப் பம்பு தரும் பெட்ரோல் போதும். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஏற்றத்தை ஏறப் போதாது. பணிமனையில் ஆறிய வண்டியைச் சோதித்தபோதெல்லாம் குறை அகப்படாததன் காரணம் இதுவே.

மூன்று வோல்ட்டை ஐந்து ஆம்பியரால் பெருக்கினால் 15 வாட். ஒரு சிறிய சால்டரிங் அயர்ன் எரிக்கும் சக்தி அது. என் வண்டியில் அது ஒரு பின்னின் நுனிக்குள் வெப்பமாகிக்கொண்டிருந்தது. பின் சூடாகச் சூடாகத் தடை கூடுகிறது. தடை கூடக் கூட மேலும் சூடாகிறது. எனவே சூடான இடத்தைத் தேடினால் போதும் என்று எர்த்து ஒயரின் வழியே கையால் தடவிக்கொண்டு போனேன். இடது பின்கதவின் அடியில், கார்பெட்டுக்குக் கீழே, பம்பின் ஒயர்க் கட்டு பாடியின் ஒயர்க் கட்டுடன் சேரும் நான்கு பின் கப்ளர் தொட முடியாத அளவுக்குக் கொதித்தது.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுக் கப்ளரைப் பிரித்தேன். வெள்ளை பிளாஸ்டிக் எர்த்துப் பின்னைச் சுற்றி மட்டும் பழுப்பாகி உருகியிருந்தது. பின்னின் மேல், பழைய செம்புப் பாத்திரத்தில் பூப்பது போன்ற பச்சைக் களிம்பு. வெள்ள நீர் அங்கே எப்போது நுழைந்ததோ, அன்றே இது தொடங்கியிருக்க வேண்டும். கார்பெட்டின் மேல்பக்கம் காய்ந்தபோதும் அதன் அடியிலுள்ள பஞ்சில் ஈரம் நெடுநாள் தங்கியிருக்கும் என்பதை நான் அன்று நினைத்துப் பார்க்கவில்லை.

உப்புத்தாளால் தேய்த்து மறுபடியும் மாட்டிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். நான் அதைச் செய்யவில்லை. பின்னின் மேலுள்ள வெள்ளீயப் பூச்சுதான் அதற்குக் காப்பு; தேய்த்தால் களிம்புடன் அந்தப் பூச்சும் போய், அடுத்த மழைக்குள் முன்னைவிட விரைவாகக் களிம்பேறும். அத்துடன், சூட்டில் தளர்ந்த பெண் பின் (ஆண் பின் நுழையும் குழி) தன் பிடிமானத்தை இழந்திருந்தது. ஆண் பின்னைச் செருகிப் பார்த்தால் தானாகவே வழுக்கி விழுந்தது. தொடர்பைப் பிடித்து வைத்திருப்பது அந்த அழுத்தம் ஒன்றே. அது போன பிறகு எந்த ஸ்பிரேயும் உதவாது.

ஆகவே கப்ளரின் இரண்டு பாதிகளையும் மாற்ற முடிவு செய்து, எர்த்து ஒயரை வெட்டினேன். தோலுக்குள் இருந்த செம்பிழைகள் கரி போலக் கறுத்திருந்தன. நான்கு சென்டிமீட்டர் தள்ளி வெட்டினேன், அங்கும் கறுப்பு. ஒன்பதாவது சென்டிமீட்டரில்தான் புதுச் செம்பின் நிறம் தெரிந்தது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, இழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளி வழியாகத் தண்ணீர் அவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது. கறுத்த செம்பில் ஈயம் பற்றாது; கிரிம்ப் அடித்தாலும் (உலோகக் குழலில் வைத்து நசுக்கி இறுக்கினாலும்) நிலைக்காது. ஒயர் குறைகிறதே என்று தயங்காமல், பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டித்தான் ஆக வேண்டும்.

அதே பருமனுள்ள புது ஒயரைக் கிரிம்ப் ஸ்லீவால் இணைத்து, உட்புறம் பசை உள்ள சுருங்கும் குழாயை அதன் மேல் போட்டேன். பெட்ரோல் டேங்கின் மூடியைத் தொடவே இல்லை. அப்படியிருந்தும் நான்கு கதவுகளையும் திறந்து ஒரு மணி நேரம் காற்றோட விட்ட பிறகே ஹீட் கன்னை எடுத்தேன். பெட்ரோல் வாடை துளி வந்தாலும் அந்த இடத்தில் சூடான கருவி எதையும் கொண்டுபோகக் கூடாது. புது கப்ளராக ரப்பர் சீல் உள்ளதை வாங்கி, சிலிகான் கிரீஸை மெல்லியதாகத் தடவினேன். அந்தக் கிரீஸ் கரண்டைக் கடத்தாது. பின்கள் அழுந்தும் இடத்தில் அது தானே விலகிக்கொள்ளும், மற்ற இடத்தில் ஈரத்தைத் தடுக்கும். எல்லாம் சேர்ந்து ஐந்நூறு ரூபாய் ஆகவில்லை.

மறுபடியும் நாற்பது நிமிடம் ஓடவிட்டு அளந்தேன்: எர்த்துப் பக்கம் 0.08. பம்புக்கு 13.5 வோல்ட் போகிறது. வல்லநாட்டைத் தாண்டி மூன்று முறை போய்வந்துவிட்டேன்.

திருச்செந்தூரிலிருந்து ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்:

அண்ணாச்சி, நாற்பது நிமிடம் காத்திருந்து அளந்தீர்களே, அந்தப் பொறுமைக்காகவே இதை எழுதுகிறேன். இருபத்திரண்டு வருடமாகக் கடற்கரை வண்டிகளைத்தான் பார்த்துவருகிறேன். வருவதில் பெரும்பகுதி எர்த்துக் கோளாறுதான். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது என்பார்கள்; டெயில் லேம்ப்பின் எர்த்து களிம்பேறியதால், கரண்ட் திரும்ப வழியின்றி அடுத்த பல்பின் வழியாகத் திரும்புகிறது, வேறொன்றுமில்லை. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். சீல் உள்ள கப்ளரும் முழுக் காப்பு அல்ல. எஞ்சின் அருகே கொதித்துக்கொண்டிருக்கும் கப்ளரின் மேல் வாட்டர் சர்வீஸில் குளிர்ந்த நீரை அடித்தால், உள்ளே இருக்கும் காற்று சட்டெனச் சுருங்கி, சீல் தளர்ந்த இடத்தில் தண்ணீரை உள்ளே உறிஞ்சிவிடும். எஞ்சின் ஆறிய பிறகே கழுவுங்கள்.

கோவையிலிருந்து ஒரு வாசகி:

ஐயா, என் வண்டி வெள்ளத்தைக் கண்டதே இல்லை. பச்சைக் களிம்பும் இல்லை. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) எச்சரிக்கை விளக்கு மட்டும் எரியும். பணிமனையில் சக்கரத்தின் வேகத்தை அளக்கும் வீல் சென்சாரின் கப்ளரைக் கழற்றி மாட்டினால் அணைந்துவிடும். இரண்டு வாரத்தில் மறுபடியும் எரியும். மூன்றாவது முறை நானே உருப்பெருக்கியால் பார்த்தபோது பின்களின் மேல் கறுப்புப் பொடி இருந்தது. சக்கரத்தின் அதிர்வில் பின்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு உரசி, வெள்ளீயப் பூச்சு தேய்ந்து ஆக்சைடு ஆகிறது என்று பிறகு அறிந்தேன். கழற்றி மாட்டும்போது அந்தப் படலம் சுரண்டப்பட்டதுதான் குணமானது போலத் தோன்றியதற்குக் காரணம். பின்களை மாற்றி, ஒயர் ஆடாமல் கிளிப் போட்டதும் நின்றது. எட்டு மாதமாக விளக்கு எரியவில்லை.

தூத்துக்குடியிலிருந்து, முதலில் எழுதியவர்:

இருவருக்கும் நன்றி. கோவைச் சகோதரி எழுதியதைப் படித்ததும், கழற்றி மாட்டியதும் சரியான எதையும் நம்பக் கூடாது என்று தோன்றி, வலது கதவின் அடியிலுள்ள கப்ளரையும் நேற்றுத் திறந்தேன். அது எந்தக் கோளாறும் காட்டியதில்லை. ஆறு பின்களில் இரண்டின் அடியில் பச்சை தொடங்கியிருக்கிறது. ஒயரின் உள்ளே இரண்டு சென்டிமீட்டர் வரைதான் கறுத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதையும் வெட்டி மாற்றப்போகிறேன். கார்பெட்டின் அடிப்பஞ்சை இந்த முறை தனியாகப் பிரித்து மொட்டைமாடியில் போட்டிருக்கிறேன்.