அந்த ஒரு யார்டு: மிச்சிகன், ஒஹாயோ ஸ்டேட் பகையில் நாங்கள் கண்டவை

ஆன் ஆர்பரிலிருந்து

2016 நவம்பர் 26. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நான் ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்து மூன்றாவது வருஷம். அமெரிக்கக் கால்பந்தை எனக்குப் புரிய வைத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். எழுபதுகளில் இதே ஊரில் படித்தவர். நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும், முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும், மீதியெல்லாம் தானாகப் புரியும் என்று சொல்லித்தான் முதல் ஆட்டத்துக்கு உட்கார வைத்தார். சனிக்கிழமை ஆனால் அவர் வீட்டு சோபாவில் எனக்கு ஒரு இடம் உண்டு.

அன்று ஆட்டம் ஒஹாயோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸில். ஒஹாயோ ஸ்டேட் தரவரிசையில் 2, நாங்கள் 3. மூன்றாம் கால்பகுதியில் 17-7 என்று முன்னால் இருந்தோம். அப்புறம் கோல் கோட்டுக்குப் பக்கத்திலேயே பந்தை நழுவவிட்டோம். இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அங்கேயே ஆட்டத்தை முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. 17-17 ஆகி, அந்தப் பகையின் நூற்றாண்டுக்கு மேலான வரலாற்றில் முதல் முறையாக ஓவர்டைம், அதாவது கூடுதல் ஆட்டம், வந்தது. இரண்டாவது ஓவர்டைமில் நாங்கள் 27-24. அவர்களுக்கு நான்காவது முயற்சி, தேவை ஒரே ஒரு யார்டு. பந்தை உதைத்து கோல் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால், அதாவது ஃபீல்ட் கோல் அடித்தால், மூன்று புள்ளி, சமன் செய்யலாம். ஆனால் அவர்களுடைய உதைப்பவர் அன்று ஏற்கெனவே இரண்டு தவறவிட்டிருந்தார். பயிற்சியாளர் அர்பன் மேயர் ஓடித்தான் பார்ப்போம் என்று முடிவெடுத்தார்.

அவர்களுடைய குவார்ட்டர்பேக், அதாவது பந்தை முதலில் கையில் வாங்கி ஆட்டத்தை நடத்துபவர், ஜே.டி. பேரட் இடப்பக்கம் ஓடினார். சொந்த அணிக்காரர் மீதே மோதினார், எங்கள் ஆள் ஒருவர் பாய்ந்து இடித்தார், விழுந்தார். எங்கே விழுந்தார் என்பதுதான் கேள்வி. ஓரத்திலிருந்து ஒரு நடுவர் ஓடி வந்து, பந்து எதுவரை போனது என்று தன் கண்ணுக்குப் பட்டதோ அங்கே கால் வைப்பார். கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் கோடிக்கணக்கில் பணம் புரளும் ஆட்டத்தில் அந்த இடத்தை முடிவு செய்வது ஒரு மனிதனின் பாதம். அந்தப் பாதம் 15 யார்டு கோட்டில் விழுந்தது. தேவையான யார்டு கிடைத்துவிட்டது, முதல் டவுன், அதாவது மறுபடி நான்கு முயற்சி என்றார்கள். ரீப்ளே பார்த்தார்கள், தீர்ப்பு மாறவில்லை. அடுத்த ஓட்டத்திலேயே அவர்களுடைய கர்டிஸ் சாமுவேல் 15 யார்டு ஓடி, பந்தோடு கோல் கோட்டைத் தாண்டி டச் டவுன். ஆட்டம் அவர்களுக்கு. 30-27.

எங்கள் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா நடுவர்களை வெளிப்படையாகச் சாடினார், இரண்டு அணியும் ஆடும் லீகான பிக் டென் அமைப்பு 10,000 டாலர் அபராதம் போட்டது. நான் அதையெல்லாம் பிறகுதான் படித்தேன். அன்று என் கண் முழுக்கப் பெரியவர் மேல் இருந்தது. அவர் கத்தவில்லை. டிவியை அணைத்தார். ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய் முற்றத்து இலைகளை வார ஆரம்பித்தார். நானும் இன்னொரு வாரியை எடுத்துக்கொண்டேன். பாதி முற்றம் முடிந்த பிறகு வாயைத் திறந்தார். பேசியது அன்றைய ஆட்டத்தை இல்லை, 1973-ஐ.

அந்த வருஷம் இரண்டு அணியும் தோல்வியே காணாமல் மோதி 10-10 என்று சமன். 10-0 என்று பின்தங்கி, அங்கிருந்து ஏறி வந்தவர்கள் மிச்சிகன்காரர்கள். அந்தக் காலத்தில் பிக் டென்னிலிருந்து ஒரே ஒரு அணிதான் சீசன் முடிந்ததும் நடக்கும் பெரிய ஆட்டமான ரோஸ் பவுலுக்குப் போகலாம், மற்றவர்களுக்கு வேறு எந்தப் பவுலுக்கும் அனுமதி கிடையாது. முந்தின வருஷம் ஒஹாயோ போயிருந்ததால் இந்த முறை நமக்குத்தான் என்று ஊரே நம்பியது. பல்கலைக்கழகங்களின் விளையாட்டு இயக்குநர்கள் வாக்களித்தார்கள். 6-க்கு 4 என்று ஒஹாயோவுக்கு விழுந்தது. கடைசி நேரத்தில் எங்கள் குவார்ட்டர்பேக் டென்னிஸ் ஃபிராங்க்ளினுக்கு காறை எலும்பு முறிந்ததைக் காரணமாகச் சொன்னார்கள். ஒரு ஆட்டத்திலும் தோற்காத அணி வீட்டில் உட்கார்ந்தது. பயிற்சியாளர் போ ஷெம்பெக்லர் கடைசி வரை அதை மன்னிக்கவில்லை. பெரியவரும் மன்னிக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை விடுதி வராந்தாவில் ரேடியோவைச் சுற்றி நின்றவர்கள் யார் யார் என்று பெயர் சொல்லிச் சொன்னார்.

கொலம்பஸிலிருந்து

அண்ணா, படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அன்று நான் ஸ்டேடியத்துக்குள்ளேயே இருந்தேன். லட்சத்துப் பத்தாயிரம் பேரில் ஒருத்தி. கூட வேலை பார்க்கும் அக்கா ஒருவர் தன் டிக்கெட்டைக் கொடுத்திருந்தார். உண்மையைச் சொல்கிறேன், பேரட் எங்கே விழுந்தார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் இருந்தது எதிர்முனையில். நான் பார்த்தது நடுவரின் கை முன்பக்கம் நீண்டதை மட்டும்தான். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பாட்டி என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். இத்தனை வருஷத்தில் அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. கோட்டைத் தொட்டார் என்றுதான் எனக்குத் தெரிகிறது. உங்களுக்குத் தொடவில்லை என்று தெரிகிறது. நீங்கள் பொய் சொல்லவில்லை என்றும் எனக்குத் தெரியும்.

ஆனால் எங்கள் பக்கமும் வடு இருக்கிறது. 1971-இல் உங்கள் ஊரில் 10-7. கடைசியில் உங்கள் தாம் டார்டன் எங்கள் ஆளுக்கு எறிந்த பந்தைப் பிடுங்கினார், எங்கள் ஆளைத் தள்ளிவிட்டுத்தான் பிடித்தார் என்று எங்கள் பயிற்சியாளர் வுடி ஹேய்ஸ் கொதித்தார். நடுவர்களின் தண்டனை எதிர்ப்பக்கம் விழவில்லை, அவருக்குத்தான் விழுந்தது. ஆத்திரத்தில் ஓரத்திலிருந்த அளவுக் குறிகளைப் பிடுங்கிக் கிழித்தார். அதைச் செய்திருக்கக் கூடாது. ஆனால் அந்த ஆத்திரம் எனக்குப் புரிகிறது. 2023-இல் உங்கள் ரோமன் வில்சன் டச் டவுன் பிடித்தபோது பந்து எங்கள் ஆள் கையில்தானே இருந்தது? அங்கேயும் ரீப்ளே பார்த்தார்கள், அங்கேயும் தீர்ப்பு மாறவில்லை. 30-24. எதிரணியின் சைகைகளைத் திருடிய விவகாரத்தில் ஹார்பாவை பிக் டென் 3 ஆட்டங்களுக்கு விலக்கி வைத்திருந்த சீசன் அது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆட்டம் நடக்கும் வாரம் எங்கள் வளாகத்தில் மிச்சிகனின் முதல் எழுத்தான எம் (M) எங்கே கண்ணில் பட்டாலும் சிவப்பு டேப்பால் குறுக்கே எக்ஸ் போட்டுவிடுவார்கள். கட்டடப் பெயர், வழிகாட்டிப் பலகை, எதையும் விடுவதில்லை. என் பெயரும் அதே எழுத்தில்தான் தொடங்குகிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் நவம்பரில், ஒரு திங்கள் காலை என் அறைக் கதவில் பெயர்ப்பலகையின் முதல் எழுத்து மேல் சிவப்பு டேப். ஏதோ கோபம் போல என்று வயிற்றைக் கலக்கியது. நடைபாதை முழுக்க அப்படித்தான் என்று பார்த்த பிறகுதான், என்னையும் இவர்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள் என்று புரிந்தது. மறு வருஷம் அந்த டேப்பை நானே ஒட்டினேன்.

டொலீடோவிலிருந்து

நான் இருப்பது இரண்டுக்கும் நடுவில், அதனால் சுருக்கமாக ஒன்று. சண்டையே இந்த ஊரால் தொடங்கியது. 1835-இல் டொலீடோ யாருக்கு என்று ஒஹாயோவும் மிச்சிகனும் படை திரட்டின. ரத்தம் சிந்தியது ஒரே ஒருவர், பேனாக் கத்தியால் குத்துப்பட்ட ஒரு மிச்சிகன் அதிகாரி. குத்தியவர் பெயர் டூ ஸ்டிக்னி. இரண்டு என்றுதான் அர்த்தம், அவர் அண்ணன் பெயர் ஒன்! ஊர் ஒஹாயோவுக்குப் போனது, மிச்சிகனுக்கு வடக்கே மேல் தீபகற்பத்தின் பெரும்பகுதி கிடைத்தது. எங்கள் தெருவில் இன்றைக்கும் ஒரு வீட்டில் மிச்சிகனின் நீலக்கொடி, அடுத்த வீட்டில் ஒஹாயோ ஸ்டேட்டின் சிவப்பு. எல்லைக்கோடு தப்பாகப் போட்டார்கள் என்று நீலக்கொடிக்காரர் உறுதியாகச் சொல்கிறார்.

மறுபடி ஆன் ஆர்பரிலிருந்து

தங்கச்சி, நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். வில்சன் பிடித்தது டச் டவுன்தான், அதில் நான் இறங்கி வரப் போவதில்லை. ஆனால் அந்தச் சிவப்பு டேப் விஷயத்தைப் பெரியவரிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது.

2021-இல் அவரை ஸ்டேடியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பனி கொட்டுகிறது. எங்கள் ஹசன் ஹாஸ்கின்ஸ் 5 டச் டவுன். 42-27. 2011-க்குப் பிறகு ஒஹாயோ ஸ்டேட்டை வென்றது அன்றுதான். ஆட்டம் முடிந்ததும் மாணவர்கள் தடுப்பைத் தாண்டி மைதானத்துக்குள் குதித்தார்கள், புல்லே தெரியவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. தொப்பியில் சேர்ந்த பனியைத் தட்டிவிட்டு, கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கீழே ஆடும் பிள்ளைகளையே வெகுநேரம் பார்த்தார். அப்புறம் என் பக்கம் குனிந்து, வாக்கு 6-க்கு 4, ஒரே ஒருவர் மாற்றிப் போட்டிருந்தால் 5-க்கு 5 ஆகியிருக்கும் என்றார்.