அரைக்காசு அம்மனும் காணாமல் போன திருகாணியும்: புதுக்கோட்டை அனுபவங்கள்

புதுக்கோட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பதினோரு வருடம் ஆகிறது. எனக்குச் சொந்த ஊர் மதுரை. மதுரைக்காரர்களுக்கு மற்ற ஊர்கள் எல்லாமே கொஞ்சம் சின்னதாகத்தான் தெரியும், எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. கீழராஜவீதி, மேலராஜவீதி, வடக்கு, தெற்கு என்று நான்கு ராஜவீதி வைத்திருக்கிறீர்களே, ராஜா எங்கே என்று வந்த முதல் வாரமே கணவரைக் கேலி செய்தேன்.

போன ஆடி மாதம் என் தோட்டின் திருகாணி ஒன்று தொலைந்துபோனது. நான் வீட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன், அத்தையோ தேடவே இல்லை. ஓர் உருண்டை வெல்லத்தை எடுத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, விளக்குக்கு முன்னால் உட்கார வைத்தார்.

"அரைக்காசு அம்மனுக்குச் சொல்லியாச்சு. கெடச்சதும் இந்த வெல்லத்துலயே பாயசம் வச்சுருவோம். இப்பத் தேடு."

அடுக்களையில்தான் விழுந்திருக்க வேண்டும் என்று நினைத்து, கடைசியில் அரிசி டிரம்மைத் தரையில் கவிழ்த்தேன். திருகாணி இல்லை. அடி அரிசியோடு ஒரு சின்னச் செப்புக்காசு உருண்டு வந்தது. நகத்தளவுதான் இருக்கும். ஒரு பக்கம் உட்கார்ந்த கோலத்தில் அம்மன். மறுபக்கம் ஏதோ சுழித்த எழுத்து. அது தெலுங்கில் 'விஜய' என்று கணவர்தான் சொன்னார்.

அத்தை பதறவில்லை. "அது அங்கதான் இருக்கும். அரிசியோட வந்த காசு, அரிசியிலேயே கெடக்கட்டும்னு எங்க மாமியார் போட்டு வச்சது. அவுகளுக்கு அவுக மாமியார் குடுத்தது."

அரிசியோடு வந்த காசு என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தொண்டைமான் மன்னர்கள் காலத்தில் நவராத்திரிக்கு அரிசி தானம் கொடுப்பார்களாம். அதோடு இந்தக் காசையும் கொடுப்பது வழக்கமாம். சமஸ்தானம் தானே அடித்த நாணயம் இது, பெயர் அம்மன் காசு. 320 காசு சேர்ந்தால்தான் ஒரு ரூபாய். காசில் இருப்பவள் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள். இந்த மன்னர்கள் தங்களைப் 'பிரகதாம்பாள் தாசர்' என்றே சொல்லிக்கொண்டவர்கள். அந்தப் பிரகதாம்பாளை ஜனங்கள் சில்லறைக் காசின் பெயரால் 'அரைக்காசு அம்மன்' ஆக்கிவிட்டார்கள். அரைக்காசு உத்தியோகம் ஆனாலும் அரசாங்க உத்தியோகம் என்று எங்கள் அப்பா சொல்லிச் சொல்லியே என்னைப் பரீட்சை எழுத வைத்தார். அந்த அரைக்காசை அன்றுதான் கண்ணால் பார்த்தேன் என்று வைத்துக்கொண்டேன்.

உங்கள் வீட்டிலும் இந்த மாதிரி ஏதாவது தட்டுப்பட்டிருந்தால் எழுதுங்கள். வெல்லம் இன்னும் விளக்கடியில்தான் இருக்கிறது. எறும்பு மொய்க்கிறது.

* * *

அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இன்று எங்களுக்கும் புதுக்கோட்டைதான் மாவட்டத் தலைநகர். ஆனால் நாங்கள் சமஸ்தானத்துக்காரர்கள் இல்லை, தஞ்சாவூர் ஜில்லா. 1974 ஜனவரியில் மாவட்டம் பிரித்தபோதுதான் எங்களை இங்கே சேர்த்தார்கள். எங்கள் தாத்தா கடைசி வரைக்கும் புதுக்கோட்டையை 'ராஜா ஊரு' என்றே சொல்லிக்கொண்டிருந்தார், ஏதோ வெளிநாட்டைச் சொல்வதுபோல. அவர் காலத்தில் அது உண்மையும்கூட. 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணைகிற வரைக்கும் அது தனி அரசு.

மகனுக்கு ஒரு சான்றிதழ் வாங்கக் கலெக்டர் ஆபீஸ் போயிருந்தேன். பார்த்தவர்களுக்குத் தெரியும், அது மன்னர் இருந்த அரண்மனை. ஊரில் இன்னொரு பழைய அரண்மனை இருந்ததால் இதைப் புது அரண்மனை என்பார்கள். கூட்டத்தில் கையெழுத்துப் போடும் அவசரத்தில் மொத்தக் காகிதக் கவரையும் எங்கோ வைத்துவிட்டேன். கைகால் ஆடிவிட்டது. அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால், ஒரு பெரியவர் படியோரம் உட்கார்ந்து கவரை மடியில் வைத்துக் காத்துக்கொண்டிருக்கிறார். "தேடிக்கிட்டு வருவீகன்னு தெரியும் தம்பி" என்றார்.

அவர் காலில் செருப்பு இல்லை. யாராவது எடுத்துப் போய்விட்டார்களோ என்று கேட்டேன். இல்லை, வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வந்தாராம். "எங்கப்பாரு அரமனைக்குள்ள செருப்போட நொழஞ்சதில்ல. நமக்கும் பழகிப்போச்சு." அவர் வந்தது முதியோர் உதவித்தொகை மனுவோடு. அது கிடைத்ததா என்று தெரியவில்லை. அவர் பெயரைக் கேட்கத் தோன்றாமல் போனதுதான் இன்று வரை உறுத்துகிறது.

* * *

நான் ஆலங்குடிப் பக்கம், பள்ளிக்கூட வாத்தியார். வருடா வருடம் ஏழாம் வகுப்பைத் திருக்கோகர்ணத்தில் இருக்கிற அரசு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போவேன். சமஸ்தானம் 1910இல் தொடங்கியது அது. பிள்ளைகளுக்கு அங்கே பாடம் செய்து வைத்திருக்கிற மிருகங்கள்தான் பிடிக்கும், நான் எவ்வளவு கத்தினாலும் செப்புத் திருமேனிகளின் பக்கம் வரமாட்டார்கள். அதை நான் குறையாகவும் நினைப்பதில்லை.

ஒரு முறை துணைக்கு ஒரு பையனுடைய அப்பாவும் வந்தார். முதுமக்கள் தாழி முன்னால் நான் விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அவர் மெதுவாக என் காதில், "சார், இந்தப் பானை எங்க கொல்லையில நெறையக் கெடக்கு. உழும்போது ஏரு தட்டும்" என்றார். (வெளியூர்க்காரர்களுக்காக: எங்கள் பக்கம் கொல்லை என்றால் வீட்டுப் பின்கட்டு இல்லை, புஞ்சைக் காடு.)

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். செம்மண் மேட்டில் வட்டம் வட்டமாகச் செம்புறாங்கல், நடுவில் தாழியின் வாய் விளிம்பு உடைந்து தெரிகிறது. அவருடைய பாட்டி அந்த மூலையில் மட்டும் கடலை போட விடமாட்டாராம். கேட்டால், "ஆளு படுத்திருக்காக" என்பாராம். அங்கே இருந்தது யார், எந்தக் காலம் என்று அந்தக் கிழவிக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க வழியில்லை. பிறகு தொல்லியல் துறைக்குத் தகவல் எழுதினோம். பையன் இப்போது கல்லூரியில் வரலாறு படிக்கிறான். அப்பாவுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம் இல்லை, ஐடிஐ போயிருக்கலாம் என்கிறார்.

* * *

எல்லாம் சரி, முதலில் எழுதிய அக்கா, திருகாணி கிடைத்ததா இல்லையா? அதைச் சொல்லாமல் போய்விட்டீர்களே.

* * *

கிடைத்தது தம்பி, ஐப்பசியில். தீபாவளிப் பலகாரத்துக்கு மாவு சலிக்கப் பரணிலிருந்து சல்லடையை இறக்கினால், அதன் விளிம்பு மடிப்பில் மாட்டிக்கொண்டு இருக்கிறது. மூன்று மாதம் அங்கேயே இருந்திருக்கிறது. எறும்பு தின்றது போக மிச்சம் இருந்த வெல்லத்தோடு கடை வெல்லமும் சேர்த்துத்தான் பாயசம் வைத்தோம். புது வெல்லம் சேர்த்தது கணக்கில் வராது, அம்மன் கண்டுகொள்ள மாட்டாள் என்று அத்தை சமாதானம் சொன்னார்.

காசை மறுபடியும் அரிசிக்குள்ளேயே போட்டுவிட்டேன். இப்போதெல்லாம் உலையில் போய் விழுந்துவிடுமோ என்று ஒவ்வோர் ஆழாக்கையும் பார்த்துப் பார்த்து அளக்க வேண்டியிருக்கிறது.