மேய்ச்சல் நில விதிகள்: எங்களுக்கு நேர்ந்தவை

குதிரைப் பண்ணைக்காரர்

பாத்திரமேற்றுக் கதை நடத்தும் ரோல்பிளே விளையாட்டுகளில் பண்ணை நிலத்துக்கு எத்தகைய விதிகள் பொருந்தும் என்று புதிய உறுப்பினர்கள் கேட்டிருப்பதால், எனக்கு நேர்ந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். செகண்ட் லைஃப் என்ற இணையவழி மெய்நிகர் உலகில், 1885ஆம் ஆண்டின் அமெரிக்க மொன்டானாவைக் களமாகக் கொண்ட ஒரு ரோல்பிளே குழுமத்தில் மூன்று ஆண்டுகள் பண்ணை வைத்திருந்தேன். மொன்டானா 1889இல்தான் மாநிலமானது. அதற்கு முந்தைய ஆட்சிப்பகுதிக் காலத்தை அந்தக் குழுமம் மிகுந்த அக்கறையோடு உருவாக்கியிருந்தது. என் நிலம் 8,192 சதுர மீட்டர், அதாவது ஒரு ரீஜனில் (அந்த உலகின் நிலம் பிரிக்கப்படும் சதுர அலகு) எட்டில் ஒரு பங்கு.

நிலங்கள் நகரம், பயிர், மேய்ச்சல் என மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டிருந்தன. மேய்ச்சல் நிலத்தில் பாதியாவது புல்வெளியாக இருக்க வேண்டும். வீடும் லாயமும் எல்லையிலிருந்து பத்து மீட்டர் தள்ளி அமைய வேண்டும். வேலி மரத்தாலோ முள்கம்பியாலோ இருக்க வேண்டும். ஜோசஃப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றது 1874இல் என்பதால் அந்தக் களத்துக்கு அது பொருந்தியது. அப்படிப் பார்த்துப் பார்த்து எழுதியவர்கள் மீது எனக்கு மதிப்பு உண்டு. அதே பட்டியலில் இன்னொரு வரியும் இருந்தது: ஒரு குதிரைக்கு இரண்டு ஏக்கர் நிலம் வேண்டும்.

நிஜ உலகின் ஏதோ ஒரு ஊர் விதியிலிருந்து அந்த வரி வந்திருக்க வேண்டும். ஒரு ஏக்கர் ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர் என்பதால், என் நிலம் இரண்டு ஏக்கரைச் சற்றே தாண்டும். குதிரைப் பண்ணை என்று பெயர்ப்பலகை மாட்டியிருந்த நான் சட்டப்படி வைத்துக்கொள்ளக்கூடியது ஒரே ஒரு குதிரை. குடியேறியவர்களுக்கு நிலம் வழங்கிய, 1862ஆம் ஆண்டின் அமெரிக்க ஹோம்ஸ்டெட் சட்டம் ஒரு குடும்பத்துக்கு அளித்தது 160 ஏக்கர். எங்கள் ரீஜன் முழுவதையும் சேர்த்தாலே 65,536 சதுர மீட்டர், அதாவது பதினாறு ஏக்கர்தான். சட்டம் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த நிலத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் ஒரு நகரமும், நான்கு பண்ணைகளும், ஓர் ஓடையும் வைத்துக் கதை நடத்திக்கொண்டிருந்தோம். அந்தச் சிறிய நிலத்துக்குள் உண்மையான ஏக்கர் கணக்கைக் கொண்டுவந்தால் கதைக்கே இடமில்லாமல் போகும்.

அங்கே உண்மையில் தீர்ந்துபோவது புல் அன்று, லேண்ட் இம்பாக்ட்தான்; நிலத்தில் வைக்கும் பொருட்கள் எவ்வளவு கொள்ளளவை எடுக்கின்றன என்பதற்கான எண் அது. எங்களுடையதைப் போன்ற முழுத் தனியார் ரீஜனுக்கு வழக்கமான அளவு 20,000. அதில் என் பங்கு 2,500. நுணுக்கமாகச் செதுக்கிய மர வேலைப்பாடுகளுடன் நான் கட்டிய லாயம் மட்டுமே பல குதிரைகள் சேர்ந்து எடுக்கும் அளவை எடுத்துக்கொண்டிருந்தது. அதைப் பற்றி விதியில் ஒரு சொல்லும் இல்லை. இதை நான் எழுத்தில் முன்வைத்தபோது, நிலத்தை வாங்குமுன் அதன் விதிகள் அடங்கிய உடன்படிக்கையைப் படித்திருக்க வேண்டும் என்ற பதில் வந்தது. அது நியாயமான பதில்தான்; நான் படித்தேன், ஆனால் இரண்டு ஏக்கர் என்பதைக் கதையின் அலங்காரமாக எண்ணிவிட்டேன். விதிகளில் எது கதைக்குள் பேசப்படுவது, எது நிலத்தின் மீது நடைமுறைப்படுத்தப்படுவது என்று தனித்தனியாக எழுதிவைத்திருந்தால் அந்தக் குழப்பம் வந்திருக்காது.

பிறகு நடந்த பசு விவகாரம்தான் என்னை மிகவும் பாதித்தது. தானாக நடந்து மேயும் பசுக்கள் நான்கு என்னிடம் இருந்தன; ஒரு காலை அவற்றில் ஒன்றைக் காணவில்லை. பக்கத்து நிலம் பயிர் வகையைச் சேர்ந்தது, அதன் உரிமையாளரோடு எல்லை குறித்து ஏற்கெனவே மனத்தாங்கல் இருந்தது. ஊரில் மாட்டுத் திருட்டு என்று பேச்சு பரவியது. ஷெரிஃப் ஆள் திரட்டினார். அந்த விவசாயி பாத்திரத்தை ஏற்றிருந்தவர் இரண்டு நாட்கள் விசாரணையில் நின்றார். கதையாகத் தொடங்கியது, கதைக்கு வெளியிலும் அவரை உண்மையான திருடராகவே சிலர் நடத்தும் அளவுக்குப் போனது. மூன்றாம் நாள் என் பொருள் பட்டியலில் வேறு எதையோ தேடியபோது, 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' கோப்புறையில் அந்தப் பசு இருந்தது. எல்லையைத் தாண்டி அவர் நிலத்துக்குள் சென்றதும், அங்கே இயங்கிக்கொண்டிருந்த ஆட்டோ ரிட்டர்ன் (பிறர் பொருளைக் குறித்த நேரத்துக்குப் பின் தானாகத் திருப்பி அனுப்பும் அமைப்பு) அதை எனக்குத் திருப்பி அனுப்பியிருந்தது. அவர் எதையும் செய்யவில்லை, அந்த நேரத்தில் அவர் செகண்ட் லைஃபுக்குள் வந்திருக்கவுமில்லை. அவரிடம் நான் கதைக்குள் ஒருமுறையும் வெளியே ஒருமுறையும் மன்னிப்புக் கேட்டேன்.

அதன் பின்பு நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு முன்மொழிவு எழுதினோம். மேய்ச்சல் நிலத்தை ஒட்டிய எல்லா நிலங்களிலும் பிறர் பொருள் நுழைய அனுமதி இருக்க வேண்டும், ஆட்டோ ரிட்டர்ன் ஒரு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, ஒவ்வொரு விலங்குக்கும் அதன் உரிமையாளரின் சூட்டுக்குறி ஊர்ப் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்பவை அதன் உள்ளடக்கம். சூட்டுக்குறிப் பதிவு அந்தக் காலத்து மேற்கில் உண்மையாகவே இருந்த வழக்கம். பயிரைக் காக்க விரும்புகிறவரே வேலி போட வேண்டும் என்ற திறந்தவெளி மேய்ச்சல் மரபும் அங்கே இருந்தது. எனவே அந்த விதிகளை, நிலத்தைப் பயன்பாட்டு வகைகளாகப் பிரிப்பதைக் குறிக்கும் ஜோனிங் என்ற பெயரில் அல்லாமல் வேலிச் சட்டம் என்ற பெயரிலேயே முன்வைத்தோம். நகரம் முழுவதற்குமான ஜோனிங் சட்டத்தை நியூயார்க் 1916இல்தான் கொண்டுவந்தது. 1885இல் ஒரு மாட்டுக்காரர் அந்தச் சொல்லை உச்சரிப்பது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருந்தது. முன்மொழிவு ஏற்கப்பட்டது. இரண்டு ஏக்கர் விதி மட்டும் அப்படியே நீடித்தது.

நில நிர்வாகி

நான் வேறொரு குழுமத்தில் அதே போன்ற விதியை எழுதியவன் என்பதால் மறுபக்கத்தைச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் ரீஜனில் ஒருவர் இனப்பெருக்கம் செய்யும் குதிரைகளை அறுபதுக்கும் மேல் சேர்த்துவிட்டார். ஒவ்வொன்றுக்குள்ளும் ஓடி அதை இயக்கும் ஸ்கிரிப்டுகளால் (நிரல்களால்) ரீஜன் முழுவதும் மந்தமாகி, தெருவில் நடப்பவர்கள் சேற்றில் நடப்பது போலத் தடுமாறினார்கள். எங்களுக்கு அவசரமாக ஓர் எண்ணிக்கை தேவைப்பட்டது, ஏக்கர் கணக்கு கதைக்குப் பொருத்தமாகத் தோன்றியது, அதை எழுதிவிட்டோம். அவரைத் தனிப்பட்ட முறையில் சுட்டாமல் அவருக்காகவே எழுதப்பட்ட விதி அது. ஒரு குதிரையை மட்டும் வைத்து ஒழுங்காக விளையாடிக்கொண்டிருந்தவர்களைத்தான் அது முதலில் தாக்கியது.

ஓராண்டுக்குப் பின்பு அதை மாற்றினோம். நிலத்தின் லேண்ட் இம்பாக்டில் நாற்பது விழுக்காடு வரை விலங்குகளுக்கு, அவற்றில் தாமாக நடமாடுபவை எட்டுக்கு மேல் கூடாது, மீதி அசையாமல் நிற்கும் உருவங்களாக இருக்கலாம் என்று வைத்தோம். குதிரைப் பண்ணைக்காரரின் 2,500க்கு இந்தக் கணக்கில் ஆயிரம் கிடைத்திருக்கும். ஏற்கெனவே நிலம் வைத்திருந்தவர்களுக்கு மூன்று மாத அவகாசம் கொடுத்ததை நான் இன்றும் சரியான முடிவாகவே கருதுகிறேன். உடன்படிக்கையை ரீஜனின் உரிமையாளர் எந்த நேரத்திலும் திருத்தலாம் என்பது உண்மை. ஆயினும் ஒருவர் மாதக்கணக்கில் உழைத்துக் கட்டிய பண்ணையை ஒரே இரவில் விதிமீறலாக்கும் திருத்தத்தைச் செய்துவிட்டு, அவர் மீண்டும் நம்மோடு விளையாட வருவார் என்று எதிர்பார்க்க முடியாது.

எல்லை அளப்பவர்

எங்கள் குழுமத்தில் முப்பரிமாண நிலமே கிடையாது. எழுத்தில் மட்டும் நடக்கும் ரோல்பிளே, நடுவில் ஒரு வரைபடம். அமெரிக்க நில அளவை முறைப்படி ஆறு மைல் பக்கமுள்ள ஒரு டவுன்ஷிப்பை வரைந்து, 640 ஏக்கர் கொண்ட 36 செக்ஷன்களாகப் பிரித்து, ஒவ்வொருவரும் கால் செக்ஷன், அதாவது 160 ஏக்கர், எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தோம். இட நெருக்கடி இல்லை, ஸ்கிரிப்டும் இல்லை. ஆகவே வைத்திருந்த விதிகளுக்கு மேல் வேறு நில விதி தேவைப்படாது என்று எண்ணியிருந்தோம்.

முதல் வாரத்தில் சேர்ந்த நான்கு பேர், வரைபடத்தில் இருந்த ஆற்றங்கரைக் கட்டங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். பின்னால் வந்தவர்களுக்கு 160 ஏக்கர் கிடைத்தது, மாடு குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. விலங்கின் எண்ணிக்கை, வேலி, வீட்டின் தூரம் என்று எத்தனையோ விதிகள் வைத்திருந்த நாங்கள் தண்ணீருக்கு ஒன்றும் எழுதவில்லை. மேற்கு மாநிலங்கள் பலவற்றில் வழக்கத்திலுள்ள, முதலில் பயன்படுத்தியவருக்கே முதல் உரிமை என்ற நெறியை ஒருவர் முன்மொழிந்தார். அது வரலாற்றுக்குப் பொருந்தினாலும், அந்த நால்வரின் பிடியை இன்னும் இறுக்கியிருக்கும். நீண்ட விவாதத்துக்குப் பின், ஆற்றங்கரைக் கட்டம் ஒவ்வொன்றிலும் மாடுகளை ஓட்டிச் செல்ல ஒரு பொதுப்பாதை விடப்பட வேண்டும் என்று முடிவு செய்தோம். நால்வரில் மூவர் உடனே ஒப்புக்கொண்டார்கள். நான்காமவர் தம் பாதைக்குச் சுங்கம் கேட்கும் பாத்திரமாகத் தம்மை மாற்றிக்கொண்டார். அந்தச் சுங்கச்சாவடியைச் சுற்றித்தான் எங்கள் கதை இப்போது ஐந்தாவது மாதமாக நடந்துகொண்டிருக்கிறது.