‘ரிதம் நேஷன் 1814’ உங்களிடம் எப்படி வந்து சேர்ந்தது?

பழைய கேசட்:

எண்பதுகளின் கடைசியில் அமெரிக்காவில் வந்து இறங்கிய தமிழர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் இருக்கிறீர்கள். எல்லாரிடமும் ஒரே கேள்விதான். அமெரிக்கப் பாடகி ஜேனட் ஜாக்சனின் ‘ரிதம் நேஷன் 1814’ ஆல்பத்தை எப்போது, எப்படிக் கேட்டீர்கள்?

காரணத்தோடுதான் கேட்கிறேன். 1989 செப்டம்பரில் வெளிவந்த இந்த ஆல்பத்திலிருந்து ஏழு பாடல்கள் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் பட்டியலில் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தன. அதற்கு முன் வேறெந்த ஆல்பத்துக்கும் அது வாய்த்ததில்லை. நான்கு பாடல்கள் முதலிடம் பிடித்தன. 1989, 1990, 1991 என்று மூன்று ஆண்டுகளுக்கும் அதில் பங்கு உண்டு. இவ்வளவு ஆட்டம் போட வைத்த ஆல்பத்தில்தான் நிறவெறி, வீடற்றவர்கள், போதை, படிப்பில்லாத பிள்ளைகள் எல்லாம் வருகிறார்கள். எனக்கு அன்று ஆட்டம் மட்டும்தான் எட்டியது. காரில் போகும்போது ரேடியோவில் அதிலுள்ள ‘எஸ்கபேட்’ பாட்டு வந்தால் சத்தத்தைக் கூட்டுவேன், அவ்வளவுதான். உங்களுக்கு எது எட்டியது?

மினசோட்டாக்காரன்:

இதற்கு நான் பதில் சொல்லாமல் வேறு யார் சொல்வது? அந்த ஆல்பம் உருவான மினசோட்டா மாநிலத்து மினியாப்பொலிஸில் அப்போது நான் ஆராய்ச்சி மாணவன். எங்கள் ஊர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பனியும் பாடகர் பிரின்ஸும்தான். ஜேனட்டோடு சேர்ந்து இந்த ஆல்பத்தை உருவாக்கிய ஜிம்மி ஜாம், டெர்ரி லூயிஸ் இருவருமே பிரின்ஸ் வளர்த்தெடுத்த ‘தி டைம்’ குழுவில் வாசித்தவர்கள். வேறொரு குழுவுக்கு இசை தயாரிக்க அட்லாண்டா போனவர்கள், அங்கே பனியில் மாட்டிக்கொண்டு ‘தி டைம்’ கச்சேரிக்கு வந்து சேரவில்லை. பிரின்ஸ் இருவரையும் நீக்கிவிட்டார். மினசோட்டாக்காரனைப் பனி கவிழ்த்ததாம், அதுவும் தெற்கே ஜார்ஜியாவில்! இந்தக் கதையைச் சொல்லி இன்றும் சிரிப்போம். ஆனால் அந்த வேலை போகாமலிருந்தால் ஜேனட்டின் ஆல்பங்கள் இந்த வடிவத்தில் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஆய்வகத்தில் எனக்குப் பக்கத்து மேசை ஒரு கறுப்பின மாணவருடையது. கேசட் அவர் கொடுத்தது. 1814 என்ன கணக்கு என்று கேட்டேன். அமெரிக்க தேசிய கீதத்தின் வரிகளை ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ எழுதிய ஆண்டு என்றார். பிறகு ஆங்கில அகரவரிசையை விரல்விட்டு எண்ணிக் காட்டினார்: ‘ரிதம்’ தொடங்கும் எழுத்து பதினெட்டாவது, ‘நேஷன்’ தொடங்கும் எழுத்து பதினான்காவது. ஆடுவதற்கென்று போட்ட பாட்டுக்குள் இவ்வளவு கணக்கா என்று வியந்துபோனேன்.

ஆல்பம் ஓர் உறுதிமொழியோடு தொடங்கும். நிலப்பரப்பால் எல்லை வகுக்காத, ஒரே நம்பிக்கையால் கட்டிய நாடு நாங்கள் என்பதுபோல் போகும். பல ஆண்டுகள் கழித்து எனக்குக் குடியுரிமை கிடைத்தது. நீதிமன்றக் கூடத்தில் வலக்கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்து முடித்ததும் தேசிய கீதம் ஒலித்தது. என் மண்டைக்குள் ஓடியதோ ஜேனட்டின் உறுதிமொழி. பக்கத்தில் ஒரு சோமாலியப் பெரியவர் கண்கலங்கி நிற்கிறார். நான் தாளத்துக்குக் கால் ஆடிவிடாமல் பார்த்துக்கொள்ளப் பெரும்பாடு படுகிறேன்.

தாளக்காரி:

எனக்கு அது வீடியோ டேப்பில் வந்தது. தொண்ணூறுகளின் நடுவில் கலிஃபோர்னியாவில் நடுநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். தோழியின் அக்கா எம்.டி.வி.யிலிருந்து பதிவு செய்து வைத்திருந்த டேப் அது. ‘ரிதம் நேஷன்’ பாட்டின் கறுப்பு வெள்ளைப் படம். இருட்டும் நீராவியுமாக ஏதோ ஆலை. ராணுவச் சீருடை போன்ற கறுப்பு உடையில் ஆணும் பெண்ணும் வித்தியாசமில்லாமல் வரிசை கட்டி நிற்கிறார்கள். பள்ளியின் கலை விழாவுக்கு இதைத்தான் ஆடுவது என்று ஐந்தாறு பேர் முடிவு செய்தோம்.

நான் சிறு வயது முதலே பரதம் கற்றவள். அந்தத் துணிச்சலில் இறங்கினேன். இந்த நடனத்தின் சிரமமெல்லாம் நிறுத்தத்தில் இருக்கிறது. கை முழு வேகத்தில் கிளம்பி, முழங்கை மடியும் இடத்தில் துளியும் அதிராமல் நிற்கவேண்டும். பரதத்தில் கை போகும் இடத்துக்குக் கண் போகும். இங்கே கண் நேரே பார்த்தபடி இருக்கிறது, கை தன் வேலையைத் தனியாகப் பார்க்கிறது. எனக்கோ கண் பழக்கதோஷத்தில் கையின் பின்னாலேயே ஓடும். டேப்பை நிறுத்திப் பார்க்கலாம் என்றால் திரையின் குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஓடும். அவை எப்போதும் முழங்கை இருக்கும் இடத்தில்தான் வந்து நிற்கும். ஆகவே எங்கள் முழங்கைகள் அனைத்தும் ஊகம்!

நடனத்தை அமைத்தவர் ஆண்டனி தாமஸ், ஜேனட்டோடு சேர்ந்து. படத்தை இயக்கியவர் டாமினிக் சேனா. முப்பது நிமிடக் குறும்படமாகவே எடுத்திருந்தார்கள், அதற்கு கிராமி விருதும் கிடைத்தது. இதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. கறுப்பு வெள்ளையில்தான் எடுக்கவேண்டும் என்று ஜேனட் பிடிவாதமாக இருந்தாராம். கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே உள்ள அத்தனை நிறங்களும் அதில் தெரியும் என்பது அவர் சொன்ன காரணம். எங்கள் குழுவில் மெக்சிகோ வீட்டுப் பெண், வியட்நாம் வீட்டுப் பெண், நான் என்று கலந்துதான் இருந்தோம். நிறவெறிக்கு எதிரான பாட்டு என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பக்கத்தில் நிற்பவள் அரைத் தாளம் பிந்தினால் மொத்த வரிசையும் குலைந்துவிடும் என்பது மட்டும் உடம்புக்குத் தெரிந்தது.

எதிர்க்கட்சி:

எல்லாரும் ஆரத்தி எடுக்கிறீர்கள். நான் கொஞ்சம் தள்ளி நிற்கிறேன்.

நான் இந்த ஆல்பத்தை முழுதாகக் கேட்டது மிகவும் பிந்தி, இணையத்தில், வரிசை மாற்றாமல். முதல் மூன்று பாடல்களும் சமூகம்: ‘ரிதம் நேஷன்’, ‘ஸ்டேட் ஆஃப் தி வேர்ல்ட்’, ‘தி நாலெட்ஜ்’. அடுத்து ஜேனட் வந்து, விஷயம் புரிந்ததா, நல்லது, இனி ஆடலாம் என்கிறார். உடனே ‘மிஸ் யூ மச்’, காதல். கஷாயம் குடித்தாயிற்று, இந்தா வெல்லக்கட்டி! இதற்குப் பெயர் கலப்பு என்றால் எப்படி ஒப்புக்கொள்வது?

அடுத்த குறை, கோபம் யார்மீது என்பதே தெரியவில்லை. ‘ஸ்டேட் ஆஃப் தி வேர்ல்ட்’டில் கஷ்டப்படுகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். கஷ்டப்படுத்தியவர் ஒருவர்கூட வருவதில்லை. அதிபர் ரேகனின் எட்டு ஆண்டு ஆட்சி முடிந்ததே அந்த 1989 ஜனவரியில்தான். பப்ளிக் எனிமி போன்ற ராப் குழுக்கள் முகத்துக்கு நேராகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. இங்கேயோ வாருங்கள், கைகோப்போம் என்கிறார்கள். யாருக்கு வலிக்கும்?

இசையில் குறை சொல்ல மாட்டேன். ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் குழுவின் பழைய பாட்டு ஒன்றிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்து, ‘ரிதம் நேஷன்’ முழுக்கச் சுழலவிட்டிருக்கிறார்கள் பாருங்கள், அதைக் கேட்டும் சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு நாடி பார்க்கவேண்டும்.

பழைய கேசட்:

எதிர்க்கட்சியாருக்கு ஒரு தகவல். ஓர் ஆல்பமோ பாட்டோ உலகத்தை மாற்றிவிடாது என்று தமக்கே தெரியும், ஆட வருகிறவர்களின் கவனத்தைப் பிடித்துச் சொற்களையும் கேட்க வைப்பதுதான் நோக்கம் என்ற பொருளில் ஜேனட் அப்போதே பேசியிருக்கிறார். இசை நிறுவனம் கேட்டது 1986இல் வந்த ‘கன்ட்ரோல்’ ஆல்பத்தைப் போல இன்னொன்றை. மறுத்தபோது அவருக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. ஓடிய குதிரையை விட்டு இறங்குவது அந்தத் தொழிலில் எளிதா என்ன?

சாக்பீஸ்:

‘லிவின் இன் எ வேர்ல்ட்’ யாருக்காவது நினைவிருக்கிறதா? அமெரிக்கப் பட்டியல் ஏறிய அந்த ஏழு பாடல்களில் அது இல்லை. பெரியவர்கள் ஆக்கிவைத்த உலகத்தில், அதை ஆக்காத குழந்தைகள் வாழவேண்டியிருக்கிறது என்பது பொருள்.

1989 ஜனவரி 17 அன்று கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில், கிளீவ்லாந்து தொடக்கப் பள்ளியின் விளையாட்டுத் திடலில் ஒருவன் துப்பாக்கியால் சுட்டான். ஐந்து குழந்தைகள் இறந்தார்கள். கம்போடியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் அகதிகளாக வந்த குடும்பங்களின் குழந்தைகள். ஆல்பத்தின் வேலை நடந்துகொண்டிருந்தபோது வந்த செய்தி அது. அதன் பாதிப்பில் எழுதிய பாட்டு இது.

நான் ஸ்டாக்டன் இருக்கும் அதே மத்தியப் பள்ளத்தாக்கில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. மூத்த ஆசிரியை ஒருவர் ஓய்வு பெற்றுப் போகும்போது விட்டுச்சென்ற பெட்டியில் இந்த சி.டி. இருந்தது. பாட்டின் பின்கதையும் அவர் சொன்னதுதான். எங்கள் பள்ளியில், துப்பாக்கியோடு ஒருவன் நுழைந்தால் என்ன செய்வது என்று ஒத்திகை நடக்கும். கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, சன்னல் மறைப்பை இறக்கி, பிள்ளைகளை வெளியிலிருந்து தெரியாத சுவரோரம் உட்காரவைக்கவேண்டும். பேச்சு, சிரிப்பு எதுவும் கூடாது. ஒருமுறை எல்லாரும் அடங்கிய பிறகு வகுப்பில் வளர்க்கும் வெள்ளெலி தன் சக்கரத்தில் ஏறி ஓட ஆரம்பித்தது. கிரீச், கிரீச் என்று சத்தம். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தவழ்ந்துபோய், கூண்டுக் கம்பிக்குள் விரலை விட்டுச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினாள். ஒத்திகை முடிந்தது என்று அறிவிக்கும்வரை விரலை எடுக்கவில்லை.

எதிர்க்கட்சியாரே, ‘ஸ்டேட் ஆஃப் தி வேர்ல்ட்’ பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் கஷாயமும் வெல்லமும் தனித்தனி என்றீர்களே, அது சரியில்லை. ஸ்டாக்டன் பாட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ‘லவ் வில் நெவர் டூ’ முடிந்து ‘ஆல்ரைட்’ தொடங்குவதற்கு நடுவில். இரண்டு பக்கமும் காதலும் கொண்டாட்டமும். ஆடிக்கொண்டிருப்பவர் அதைத் தாண்டித்தான் போகவேண்டும்.

மடிக்கணினி மருத்துவர்:

சாக்பீஸ் எழுதியதற்குப் பிறகு இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

நான் சியாட்டில் பக்கம் பழைய கணினிகளைப் பழுது பார்ப்பவன். ஜேனட் எனக்குத் தொழில் வழியாக வந்தார். 2022 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் ஒரு பழைய கதையை எழுதினார். விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்தில் ஒரு பெரிய கணினி நிறுவனம், ‘ரிதம் நேஷன்’ வீடியோவை ஓடவிட்டால் தன் மடிக்கணினிகளில் சில செயலிழந்து போவதைக் கண்டுபிடித்ததாம். போட்டி நிறுவனங்களின் கணினிகளும் அப்படியே. அதைவிட வேடிக்கை, ஒரு கணினியில் பாட்டைப் போட்டால் பக்கத்தில் சும்மா இருந்த இன்னொன்று விழுந்தது! நிமிடத்துக்கு 5,400 சுற்று சுழலும் ஒரு வகை ஹார்ட் டிஸ்க்கின் இயல்பான அதிர்வெண்ணோடு பாட்டில் இருந்த ஓர் ஒலி ஒத்துப்போனதுதான் காரணம். ஒத்த அதிர்வு சேரச்சேர வலுக்கும் அல்லவா, டிஸ்க் தடுமாறிவிட்டது. அந்த ஒலியை மட்டும் பிடித்து வடிகட்டும் நிரலைச் சேர்த்துச் சமாளித்தார்கள். கணினிப் பாதுகாப்புக் குறைபாடுகளின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இதற்கு எண்கூட உண்டு: சி.வி.இ. 2022-38392.

படித்த அன்றே பரணிலிருந்த பழைய மடிக்கணினி ஒன்றை எடுத்துத் தூசி தட்டி, பாட்டை முழுச் சத்தத்தில் வைத்தேன். அது அசையவே இல்லை. என் மனைவிதான் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். அப்புறம் மொத்த ஆல்பத்தையும் கேட்டேன். ‘பிளாக் கேட்’ போல ராக் கிட்டார் உறுமுகிற பாட்டை ஜேனட் தனியாகவே எழுதினார் என்று அன்றைக்குத்தான் தெரியும்.

மேடைக்குக் கீழே:

எனக்கு ஜேனட்டின் 1990 கச்சேரிச் சுற்றுப்பயணத்தில். மார்ச் 1 அன்று மயாமியில் தொடங்கி நாடு முழுக்கப் போனார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அலுவலக நண்பர்கள் என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். எங்கு திரும்பினாலும் கறுப்புச் சட்டை, கறுப்புத் தொப்பி. ஒரு காதில் மட்டும் வளையம், அதில் சாவி! ஜேனட் அப்படித்தான் போட்டிருந்தார். சிறு வயதில் வீட்டு விலங்குகளின் கூண்டுச் சாவி அவர் பொறுப்பில் இருந்ததாம். நான் கச்சேரி முடியும்வரை இவர்களெல்லாம் எந்தச் சங்கத்து உறுப்பினர்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சுற்றுப்பயணப் பணத்தில் ஒரு பகுதி கறுப்பின மாணவர்களின் கல்லூரிப் படிப்புக்கு உதவும் யுனைட்டட் நீக்ரோ காலேஜ் ஃபண்ட் வழியாக மாணவர் உதவித்தொகைக்குப் போனது. கஷாயம், வெல்லம் விவாதத்தில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்க்கட்சி:

சாக்பீஸ் சொன்ன இடத்தில் மீண்டும் கேட்டேன். அந்தப் பாட்டை அங்கே வைத்திருப்பது வேண்டுமென்றுதான், ஒப்புக்கொள்கிறேன். ‘தி நாலெட்ஜ்’ மட்டும் இன்னும் பள்ளிச் சுவரொட்டிபோலத்தான் கேட்கிறது. அதில் மாற்றமில்லை. தாளக்காரிக்கு ஒரு கேள்வி: வரிசையில் எல்லாரும் சமம் என்கிறீர்கள். வீடியோவில் நடுவில் நிற்பது யார்?

தாளக்காரி:

ஜேனட்தான், வேறு யார்? ஆல்பம் அவருடையதாயிற்றே! பள்ளியில் ஆடியபோது எங்களுக்குள்ளும் இதே சண்டை வந்தது. ஆளாளுக்கு நடு வேண்டும் என்றார்கள். கடைசியில் பல்லவி வரும்போதெல்லாம் ஆள் மாறுவது என்று முடிவானது. இப்போது என்னிடம் கற்கும் பிள்ளைகளும் அதே முறையில்தான் ஆடுகிறார்கள். மாறுகிற நேரத்தில் இரண்டு பேராவது முட்டிக்கொள்கிறார்கள். இந்த முறை டேப் இல்லை, தெளிவான படம் இருக்கிறது. முழங்கை எங்கே நிற்கிறது என்று நன்றாகவே தெரிகிறது. எங்களுடையது ஒரு சாண் கீழே இருந்திருக்கிறது.