சிறுவயது வறுமையின் தடம் நாற்பது வயதிலும் தொடருமா?

கேள்வி:
எனக்கு வயது 41. புகை, மது இரண்டும் இல்லை. உடல் பருமனும் இல்லை. ஆயினும் இரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் ஒரே ஆண்டில் தெரியவந்தன. ஒரு வேளை உணவோடு பல நாட்களைக் கழித்த குடும்பத்தில் வளர்ந்தவன் நான். அந்த நாட்களுக்கும் இந்த நோய்களுக்கும் தொடர்பு இருக்குமா? வேலையிலும், நல்ல வாய்ப்பு தேடி வந்தாலும் கையில் இருப்பதை விட்டுவிடத் துணிவு வருவதில்லை. இது என் குறைதானா?

மறுமொழி 1:
தொடர்பு இருக்க வாய்ப்புண்டு. அது கருவிலேயே தொடங்கக்கூடியது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம் நிலவியபோது கருவில் இருந்தவர்களை ஐம்பது வயதை ஒட்டிப் பரிசோதித்தார்கள். சர்க்கரையைக் கையாளும் திறன் அவர்களுடைய உடலில் குறைந்திருந்தது. எடை குறைந்து பிறந்தவர்களிடையே இதய நோய் மரணங்கள் மிகுந்திருப்பதை இங்கிலாந்தில் மருத்துவ ஆய்வாளர் டேவிட் பார்க்கர் 1980களில் எடுத்துக்காட்டினார். சிறுநீரகத்தின் வடிகட்டும் நுண்ணலகுகள் பிறப்பதற்கு முன்பே உருவாகி முடிந்துவிடுகின்றன, பின்னர் புதிதாகத் தோன்றுவதில்லை. கருவில் ஊட்டம் குறைந்தால் அவற்றின் எண்ணிக்கையும் குறைந்து, இருப்பவை கூடுதல் சுமையைத் தாங்க நேர்வதால் நடுவயதில் இரத்த அழுத்தம் உயரக்கூடும். உங்கள் பிறப்பு எடை தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்க்கும் பரிசோதனையையும் கேளுங்கள்.

மறுமொழி 2:
வேலையைப் பற்றிச் சொல்கிறேன். குவாத்தமாலாவில் 1969 முதல் 1977 வரை சில கிராமங்களின் குழந்தைகளுக்குப் புரதக் கஞ்சியும், வேறு சில கிராமங்களின் குழந்தைகளுக்குப் புரதமில்லாத இனிப்பு பானமும் தரப்பட்டன. முதல் இரண்டு வயதுக்குள் கஞ்சி பெற்ற ஆண்கள் வளர்ந்தபின் ஒரு மணி நேரத்துக்கு ஈட்டிய கூலி, மற்றவர்களுடையதைவிட ஏறத்தாழ 46 சதவீதம் அதிகம். (பெண்களின் கூலியில் அத்தகைய உயர்வு தென்படவில்லை, இது என்னை வெகுவாக உறுத்துகிறது.) ஜமைக்காவில் 1980களில் சுகாதாரப் பணியாளர்கள் வாரந்தோறும் வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் வீடுகளுக்குச் சென்று, குழந்தையோடு பேசியும் விளையாடியும் பழகத் தாய்மார்களுக்குக் கற்றுத் தந்தார்கள். அந்தக் குழந்தைகள் சுமார் 22 வயதில், இந்த உதவி கிடைக்காத குழந்தைகளைவிட 25 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். ஆகவே வயிற்றுக்கு உணவு மட்டும் போதாது என்பதே என் எண்ணம்.

உங்கள் தயக்கத்தைக் குறை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு முறை தவறினாலும் மறுநாள் அடுப்பு எரியாது என்று அறிந்த வீட்டில், அந்த எச்சரிக்கைதான் உங்களைக் காப்பாற்றியிருக்கும்.

மறுமொழி 3:
மேலே உள்ளவை எல்லாம் பலரைச் சேர்த்துப் பார்த்த சராசரிகள். கருவில் பட்ட பசியும் பத்து வயதில் பட்ட பசியும் ஒன்றல்ல, பரம்பரைக்கும் பங்குண்டு. உங்களுக்கு நோய் வந்ததற்குக் காரணம் வறுமைதான் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எனினும் உப்பைக் குறைப்பதும், நடப்பதும், மருந்தைத் தவறாமல் எடுப்பதும் எவருக்கும் பயன் தரும். எனவே பழைய பசியை நினைத்து மருந்தைக் கைவிட்டுவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. பிறப்பு எடையை எங்கும் எழுதி வைக்கவில்லை; ஆனால் என்னைச் சுமந்த மாதங்களில் அம்மா பெரும்பாலும் நீராகாரத்தோடு இருந்ததாகப் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்குப் பின் அதே வீட்டில் பிறந்த தம்பியும் தங்கையும் இதுவரை எந்தப் பரிசோதனையும் செய்துகொண்டதில்லை. இந்த வாரம் இருவரையும் அழைத்துச் செல்கிறேன்.